ஹெரால்டு சேசிஸ் மேல் பைபர் பாடி கட்டிய அனுபவம்

கோலார் தங்கவயலில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. சக்கரங்களைக் கழற்றிவிட்டு, நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி அதன் மேல் உட்கார வைத்திருந்தார்கள். கதவுகளின் கீழ்ப்பாதி துருவில் உதிர்ந்துபோயிருந்தது. டிக்கியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த தன் மாமனார் வாங்கிய வண்டி என்றார் வீட்டுக்கார அம்மா. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு யாரும் அதை எடுக்கவில்லையாம்.

நான் பாடியை அதிகம் பார்க்கவில்லை. கையோடு கொண்டுபோன சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு 'ணங்' என்று கேட்கும். துரு தின்ற இடம் 'தொப்' என்று கேட்கும். நடு முதுகெலும்பு முழுக்க ணங் ணங் என்றது. பாடியைத் தாங்குவதற்காகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில் மூன்று மட்டும் தொப் என்றன. கைகளைப் புதிதாகச் செய்து பற்றவைத்துக்கொள்ளலாம். முதுகெலும்பு போயிருந்தால் அன்றே திரும்பி வந்திருப்பேன். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, விலை பேசினேன்.

பழைய வண்டியின் மேல் பைபர் பாடி கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்: அந்த வண்டிக்கு பாடி இல்லாமல் தனியாக நிற்கத் தெரியுமா? லாரி வாங்கினால் வெறும் சேசிஸாக வரும், நாமக்கல்லில் கொண்டுபோய் பாடி கட்டுவார்கள் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். கார்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. மாருதி 800இல் தரை, தூண், கூரை எல்லாம் ஒரே உடம்பு. என் நண்பர் ஒருவர் ஒரு 800இன் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, மறுநாள் ஜாக் போட்டுத் தூக்கினார். கதவு திறக்கவில்லை. வண்டி நடுவில் வளைந்துவிட்டது. ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் தனி பிரேம் உண்டு, ஆனால் உயரம் அதிகம். தாழ்ந்த பாடி அதன் மேல் பொருந்தாது. வெளிநாட்டில் இந்த வேலைக்குப் பேர் வாங்கியது போக்ஸ்வாகன் பீட்டில். 1964இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்த மேயர்ஸ் மேங்ஸ் என்ற மணல்மேட்டு வண்டி, சில வண்டிகளுக்குப் பிறகு பீட்டிலின் தரைச்சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கி அதன் மேல் பைபர் தொட்டியை வைத்தது. இங்கே பீட்டில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அதை வெட்ட மனசு வராது.

ஹெரால்டு நம் பக்கத்து வண்டி. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. அந்தக் காலத்திலேயே தனி சேசிஸ் வைத்த கார் குறைந்துகொண்டு வந்தது. ஹெரால்டு அதை விடவில்லை. அதன் இரும்பு பாடியே துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் மாட்டியதுதான். பானெட்டும் முன் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். இங்கிலாந்தில் பல கிட் கார்கள், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார்கள், இதே சேசிஸின் மேல் வந்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடி நல்ல நிலையில் இருக்கும் ஹெரால்டை யாரும் இதற்காகப் பிரிக்கக் கூடாது. 50 ஆண்டு தாண்டிய, உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021 முதல் விண்டேஜ் பதிவு என்று தனி வழி இருக்கிறது. அந்தத் தகுதியை ஒரு கட்டிங் மிஷினால் அழிப்பது பாவம். எங்களுக்குக் கிடைத்ததில் பாடி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால்தான் கை வைத்தோம்.

சட்டத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். அதனால் எங்கள் வண்டி ரோட்டில் ஓடுவதற்காகச் செய்தது இல்லை. பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். என் மச்சானுக்கு ஆனேக்கல் பக்கம் மாந்தோப்பு இருக்கிறது. ஓட்டுவது அங்கேதான், வேறெங்கும் போவதென்றால் இழுவை வண்டியின் முதுகில்தான் போகும். "எப்படியாவது ஆர்டிஓவில் சரிக்கட்டிக்கலாம்" என்ற நினைப்போடு யாராவது இறங்கினால், தயவுசெய்து வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸும் நிற்காது, அடிபட்டவருக்குப் பதில் சொல்லவும் முடியாது.

சரி, பாடிக்கு வருகிறேன்.

நான் பெங்களூர் மர்ஃபி டவுனில் பிறந்து வளர்ந்தவன், பீன்யாவில் அச்சும் கருவியும் செய்யும் ஒரு டூல் ரூமில் வேலை. இரும்பு எனக்குக் கைவந்த பொருள். பைபர் எனக்குப் புதிது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் தர்மபுரிக்காரர் ஒருவர். ஸ்ரீராம்புரத்தில் இருந்துகொண்டு பூங்காவுக்குச் சறுக்குமரம், கோயிலுக்கு வாகனம், கடை வாசலுக்குப் பொம்மை எல்லாம் பைபரில் செய்கிறவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள், நானும் அப்படித்தான். அவருடைய பட்டறைப் பரணில் திறந்த இரண்டு சீட்டு காருக்கான ஒரு பழைய மோல்ட், அதாவது பைபர் பாடியை வார்க்கும் அச்சு, ஐந்து துண்டாகக் கிடந்தது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் செய்ததாம். அந்தப் பெரியவர் கோவையில் ரேஸ் கார் பட்டறைகளில் கை பழகியவர். கோவையில் அந்தத் தொழில் வேர்விட்டதற்கு முக்கியமான காரணம் கரிவர்தன். நம் பையன்கள் கட்டுப்படியாகும் செலவில் ரேஸ் ஓட்டவேண்டும் என்று மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைச் செய்தவர் அவர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார்; செட்டிபாளையத்தில் உள்ள ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

பைபர் காருக்கு பெங்களூரும் பழைய ஊர். 1970களில் இங்கே பாதல் என்று மூன்று சக்கரப் பைபர் கார் செய்தார்கள். அதன் பிறகு 1980களில் சிபானி டால்ஃபின் வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டனை ஒட்டிச் செய்த, பைபர் பாடி போட்ட, 848 சிசி குட்டிக் கார். சின்ன வயதில் அல்சூரில் ஒரு டால்ஃபினின் கதவைத் தட்டிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. இரும்பு மாதிரி சத்தம் வரவில்லை, பிளாஸ்டிக் குடத்தைத் தட்டின மாதிரி இருந்தது.

மோல்ட்டைப் பரணிலிருந்து இறக்கி சோப்புத் தண்ணீரில் கழுவினோம். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு வர வேண்டும். மோல்ட்டில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் பாடியில் அப்படியே மேடாக வரும். ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் பாலிஷ், அப்புறம் வாக்ஸ். வாக்ஸ் மட்டும் எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் காயவிட்டுத் துடைக்க வேண்டும். அதன் மேல் பி.வி.ஏ. என்ற நீர்ப்பசை மாதிரி ஒரு படலம். இது தண்ணீரில் கரையும். பாடியை மோல்ட்டிலிருந்து எடுக்கும்போது இடுக்கில் தண்ணீர் ஊற்றினால் படலம் கரைந்து, உறிஞ்சிப் பிடித்திருக்கும் பிடி விட்டுவிடும். இந்த வாக்ஸ் வேலையில் யாராவது அவசரப்பட்டால் பாடியும் போகும், மோல்ட்டும் போகும்.

முதலில் ஜெல் கோட். இதுதான் வெளியே தெரியும் தோல், அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்க வேண்டும். கனம் கூடினால் பின்னால் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிசல் விடும். அடித்து முடித்த பிறகு மாஸ்டர் அரை மணிக்கு ஒருதரம் வந்து மோல்ட்டின் ஓரத்தில் நடுவிரலால் தொட்டுப் பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று கேட்டேன். என் விரலையும் பிடித்து வைத்தார். "ஒட்டுதா தம்பி?" ஒட்டியது. விரலை எடுத்துப் பார்க்கச் சொன்னார். விரலில் ஒன்றும் இல்லை. "விரலைப் பிடிக்கணும், விரலோட வரக்கூடாது. அப்ப மேட் போடலாம்." அதற்கு முன்னால் மேட் என்ற கண்ணாடி நார் விரிப்பைப் போட்டால், அதை ஊற வைக்கும் ரெசின் என்ற பசை ஜெல் கோட்டைக் கரைத்து, தோல் முதலைத் தோல் மாதிரி சுருங்கிவிடும். ரொம்ப நேரம் கழித்துப் போட்டால் பிடிக்காது.

ரெசின் கலப்பதில் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கடையில் பாலியஸ்டர் ரெசினோடு இரண்டு பாட்டில் தருவார்கள்: ஊதா நிறத்தில் கோபால்ட், தண்ணீர் மாதிரி இருக்கும் கேட்டலிஸ்ட். இரண்டும் ரெசினை இறுக வைப்பதற்கு. இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று நேரடியாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும்; அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். ஒரே கரண்டி, ஒரே மூடி இரண்டுக்கும் கூடாது. மாஸ்டர் இரண்டு பாட்டிலையும் பட்டறையின் இரண்டு மூலையில் வைத்திருப்பார். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், அதனால் கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலை யாரும் தொடக் கூடாது. ரெசின் வாசனைக்குச் சாதாரணத் துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் உதவாது. இரண்டு பக்கமும் கரி டப்பா வைத்த மாஸ்க் வேண்டும். மாஸ்டருடைய தலைமுறை அது இல்லாமலேயே வேலை செய்தது. அவருக்கு இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவருக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வந்தேன். முதலில் மறுத்தார், அப்புறம் போட்டுக்கொண்டார்.

கேட்டலிஸ்ட் அளவு பருவத்தைப் பொறுத்தது. பங்குனி வெயிலில் கிலோவுக்கு 10 கிராம் போதும், அரை மணிக்குள் இறுகும். மார்கழிக் குளிரில் 20 கிராம் வரை வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் ஈரம் இருந்தால் வேலையே வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்கவும் கூடாது. மிஞ்சின ரெசினை மக்கிலேயே விட்டால் அது தானாகச் சூடாகிப் புகைய ஆரம்பிக்கும். எங்களுக்கு ஒரு மக் அப்படி உருகி ஓட்டையாகி விட்டது. மிச்சத்தை மணலில் பரப்பிக் கொட்டிவிட வேண்டும்.

மேட் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடை உள்ளது. ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். மூன்று அடுக்கு போட்டோம், மடிப்புகளிலும் கதவு ஓரங்களிலும் ஐந்து. எங்கள் பாடியின் பரப்பு 11 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் 15 கிலோ மேட், அதைப்போல இரண்டே கால் மடங்கு ரெசின், ஜெல் கோட் ஏழு கிலோ. மேட்டைக் கத்திரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் மெலிந்து, அடுத்த துண்டோடு மேடு தெரியாமல் சேரும். பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, குத்த வேண்டும். பிறகு பல் வைத்த இரும்பு ரோலரை உருட்டினால் வெள்ளையாகத் தெரியும் காற்று ஓரத்துக்கு ஓடும். வெள்ளை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பிறகு கொப்புளம் வரும்.

இனி நாங்கள் செய்த தவறு.

பெரிய தொட்டித் துண்டை, அதாவது கதவுக்குக் கீழிருந்து டிக்கி வரை ஒன்றாக உள்ள பின்பகுதியை, ஒரு சனிக்கிழமை போட்டு முடித்தோம். மாஸ்டருக்கு ஊரில் கோயில் திருவிழா. திங்கள் அதிகாலை பஸ் ஏற வேண்டும். எனக்கும் அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஞாயிறு காலையிலேயே ஆப்பு அடித்து, தண்ணீர் ஊற்றி, எடுத்துவிட்டோம். கை வைத்துப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. நான்கு பழைய டயர்களின் மேல் வெயில் படும்படி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மாஸ்டர் அடுத்த ஞாயிறுதான் திரும்பி வந்தார். இருவரும் போய் டேப் பிடித்தோம். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் ஒரு பக்கம் 14 மில்லிமீட்டர் அதிகம். வலது கதவு வாசல் மேலே 9 மில்லிமீட்டர் குறுகியிருந்தது. பார்க்கும்போது எதுவும் தெரியவில்லை, கதவை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "பச்சையா எடுத்துட்டோம் தம்பி." சூளையில் வேகாத பானையைப் பச்சைப் பானை என்போமே, அதே வார்த்தை. தொட்டால் இறுகின மாதிரி இருந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். பாலியஸ்டர் இறுக இறுகச் சுருங்கும். அந்த நாட்களில் அதை எந்த வடிவத்தில் வைத்திருக்கிறோமோ அதுவே அதன் வடிவம் ஆகிவிடும். நாங்கள் டயரின் மேல் வைத்திருந்தோம், அது டயருக்குத் தகுந்தபடி உட்கார்ந்துவிட்டது. சறுக்குமரத்துக்கும் பொம்மைக்கும் 14 மில்லிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் இத்தனை வருஷத்தில் மாஸ்டருக்கும் அது கையில் தட்டுப்படவில்லை.

சரிசெய்த விதம் யாருக்காவது உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் சேசிஸை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, தண்ணீர் டியூப் பிடித்து மட்டம் செய்தோம். சேசிஸ் மட்டமாக இல்லாவிட்டால் மற்ற அளவுகள் எல்லாம் வீண். பாடியை அதன் மேல் வைத்து, குறுகின வாசலில் மரக்கட்டையால் முட்டுக் கொடுத்தோம். விரிந்த குறுக்கு அளவை லாரிக்குப் போடும் ராட்செட் பெல்ட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தோம். அதன் மேல் தார்பாய்க் கூடாரம் கட்டி, உள்ளே இரண்டு ஹாலஜன் விளக்கு. சாதாரண பாலியஸ்டர் 60, 70 டிகிரிக்கு மேல் போனால் இளக ஆரம்பிக்கும், அதனால் பாடியில் தெர்மாமீட்டர் ஒட்டி 55ஐத் தாண்ட விடாமல் பார்த்துக்கொண்டோம். இரண்டு இரவு நானும் மச்சானும் மாறி மாறிக் காவல் இருந்தோம். தார்பாய்க்குள் ஹாலஜன் விளக்கை வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. ஆறவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தாமலேயே உள்பக்கம் இரும்புக் குழாய் விலாக்களை வைத்து மேட்டால் சுற்றி மூடினோம். அது இறுகி ஒரு வாரம் ஆன பிறகுதான் முட்டுக்கட்டையை எடுத்தோம். குறுக்கு அளவு வித்தியாசம் 3 மில்லிமீட்டரில் நின்றது. அதற்குப் பிறகு போட்ட பானெட்டையும் கதவுகளையும் மோல்ட்டிலேயே ஒரு வாரம் விட்டு வைத்தோம். அவை ஒரு மில்லிமீட்டர் கூட நகரவில்லை.

பைபரையும் இரும்பையும் சேர்ப்பது தனிக் கலை. பாலியஸ்டர் இரும்போடு நன்றாக ஒட்டாது. மேல் ஒட்டு போட்டால் சில மாதத்தில் கழன்று வரும். குழாயை முழுசாகச் சுற்றி மேட் போட்டால்தான் பிடிபடும். குழாய்க்கு முன்பே ஜிங்க் பிரைமர் அடித்து, தண்ணீர் வெளியேற அடியில் துளை விட வேண்டும். பைபர் பக்கத்தில் கண்ணாடி நார் தெரியும்வரை கிரைண்டரால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்த பிறகே மேட். அந்தத் தூசி தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. முழுக்கைச் சட்டை போட்டு, வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டும். வெந்நீர் என்றால் துளைகள் திறந்து நார் உள்ளே போகும் என்று மாஸ்டர் சொல்வார். போல்ட் போடும் இடத்தில் துளை போல்ட்டைவிட 2 மில்லிமீட்டர் பெரிதாக, இரண்டு பக்கமும் ரப்பர், அகலமான வாஷர். இரும்பில் முறுக்குவது மாதிரி முறுக்கக் கூடாது.

சீட் பெல்ட்டைப் பைபரில் மாட்டவே கூடாது. எங்கள் வண்டியில் பெல்ட்டும், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கத் தலைக்குப் பின்னால் உள்ள வளையமும் நேராக சேசிஸில் பற்றவைத்த சீம்லெஸ் (மூட்டு இல்லாத) குழாயில் நிற்கின்றன. பற்றவைத்தவர் சிவாஜி நகர் பாய். அவர் தன் வேலையை முடித்துவிட்டு, வளையத்தில் கயிறு கட்டி எங்கள் நான்கு பேரையும் தொங்கச் சொன்னார். "பையா, ஆள் உட்கார்ற எடம் இது, கணக்கு வேற" என்றார். எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் ஹெரால்டின் பழைய இரும்புச் சுவரையும் அப்படியே வைத்துக்கொண்டோம். பெடல், ஸ்டீயரிங் கம்பம், பிரேக் சிலிண்டர் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. அதைப் பைபரில் மாற்றலாம் என்று ஆசைப்பட வேண்டாம்.

ஹெரால்டுக்கே உரிய இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று, இந்த வண்டியின் முன் சக்கரம் மற்ற கார்களைவிட ரொம்பத் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் வளைந்துவிடும். பைபர் மட்கார்டு அதை எதிர்பார்க்கவில்லை, முழுசாகத் திருப்பினால் டயர் உரசியது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கால் மேலும் கீழும் ஏற்றி இறக்கி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே மட்கார்டை வெட்டி ஓரம் கட்டியிருக்க வேண்டும். நாங்கள் பிறகு 18 மில்லிமீட்டர் வெட்டினோம். இரண்டாவது இதைவிட முக்கியம். பின் சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடும் அச்சில் நிற்கின்றன. இரும்பு பாடி போய் லேசான பாடி வந்ததும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே சாய்ந்து, கால் இடுக்கி நிற்கிற மாதிரி நின்றது. அந்த நிலையில் வளைவில் வேகமாகப் போனால் பின்பக்கம் சட்டென்று கவிழப் பார்க்கும். குறுக்கே போகும் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுத்ததும் சக்கரம் நேரானது. பாடி மட்டும் மாற்றுகிறோம் என்று நினைத்துவிட்டு ஸ்பிரிங்கை மறந்துவிடக் கூடாது.

வயரிங் முடித்த இரவு, இடது இண்டிகேட்டரைப் போட்டால் பிரேக் லைட் மங்கியது, வலது பக்கமும் லேசாகக் கண்சிமிட்டியது. ஜே.சி. ரோட்டில் வாங்கிய புது வயர், புது பல்பு. குறை எங்கே என்று ஒரு மணி நேரம் தேடினோம். இரும்பு பாடியில் ஒரே வயர் போதும், திரும்பி வரும் வழி பாடியே. பைபரில் மின்சாரம் ஓடாது. ஒவ்வொரு விளக்குக்கும், டேங்க் மிதவைக்கும், வைப்பர் மோட்டாருக்கும் தனியாகக் கறுப்பு வயர் இழுத்து, பெயிண்ட் சுரண்டிய சேசிஸ் போல்ட்டில் கட்ட வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாய்க்கும் ஒரு எர்த் பட்டை தேவை. எல்லாம் கட்டிய பிறகும் ஹாரன் மட்டும் பேசவில்லை. ஸ்டீயரிங் கம்பத்தின் நடுவில் ஒரு ரப்பர் இணைப்பு இருக்கிறது. ஹாரனின் எர்த் அந்த ரப்பரைத் தாண்டிப் போக ஒரு சின்னச் செம்புப் பட்டை வேண்டும். கழற்றும்போது அது அறுந்து எங்கேயோ போயிருந்தது. புதிதாக ஒன்று செய்து போட்டதும், தோப்பு முழுக்கக் கேட்டது.

பெயிண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு மாதம் வெயிலில் காயவிட்டு அடித்தோம், அதனால் மேட் அச்சு மேலே தெரியவில்லை. சைலன்சர் பக்கம் அலுமினியத் தகடு. செலவில் பைபருக்குப் போனது கால்வாசிதான். மீதி பிரேக், ஸ்டீயரிங், வயரிங், இரும்பு.

போன தை மாதம் தங்கவயல் அம்மாவை அழைத்துவந்து காட்டினேன். பாடியைச் சுற்றி வந்து பார்த்தார், அவருக்குத் தெரிந்தது எதுவும் அதில் இல்லை. பானெட்டைக் கவிழ்த்துத் திறந்ததும், அந்த இரும்புச் சுவரில் இன்னும் இருக்கும் பழைய நம்பர் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிட்டேன். மாமரங்களுக்கு நடுவில் மெதுவாக ஒரு சுற்று. திரும்பும் இடத்தில், "ஹாரன் அடி தம்பி" என்றார். அடித்தேன். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார்.